வெட்ட வெட்டக் குறையும் துணி

புதிதாக ஒரு மீட்டர்கூட வாங்காமல், வீட்டில் கிடக்கும் மிச்சத் துணியிலேயே குயில்ட் போர்வை தைப்பது இன்று ஓர் அறமாகவே பேசப்படுகிறது. இதிலும், துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு மெச்சல். உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரங்களை ஆயிரக்கணக்கில் கோத்த போர்வையைக் காட்டி, "பாருங்கள், துளிகூட வீணாக்கவில்லை" என்கிறார்கள். உழைப்பைப் பாராட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிக்கனம் என்ற பெயரில் வரும் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பழக்கத்தில் நல்லது இல்லாமல் இல்லை. கையில் இருப்பதை வைத்தே தைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நிறத்தைப் பார்க்கும் கண்ணைக் கூர்மையாக்கும். கெட்டுப்போனால் நஷ்டமில்லை என்பதால், புதிதாகக் கற்பவருக்கு வெட்டும் துணிச்சல் வரும். பெட்டியில் மக்கிக்கொண்டிருந்த துணி வெளிச்சத்துக்கு வரும். இவ்வளவும் உண்மை.

இனிக் கணக்குக்கு வருவோம். துண்டோடு துண்டை இணைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் இஞ்சு விட வேண்டும். குயில்ட் தைப்பவர்களின் பொது வழக்கம் இது. ஆக, இரண்டரை இஞ்சு சதுரமாக வெட்டிய துண்டு, தைத்து முடித்ததும் மேலே இரண்டு இஞ்சு சதுரமாகத்தான் தெரியும். வெட்டியது ஆறேகால் சதுர இஞ்சு. கண்ணுக்குக் கிடைப்பது நான்கு. 36 சதவீதம் உள்மடிப்பில் போய்விடுகிறது. ஒன்றரை இஞ்சாக வெட்டினால் பாதிக்கு மேல் போகிறது. பத்து இஞ்சாக வெட்டினால் பத்தில் ஒரு பங்குகூடப் போவதில்லை.

60க்கு 80 இஞ்சு போர்வை ஒன்றை அந்த இரண்டு இஞ்சுச் சதுரங்களால் நிரப்ப 1,200 துண்டுகள் வேண்டும். 4,800 சதுர இஞ்சு மேல்பரப்புக்காக 7,500 சதுர இஞ்சு துணியை வெட்டுகிறோம். துண்டுகளை இணைக்கும் தையலை மட்டும் நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 118 மீட்டர் வரும். அவ்வளவு தூரத்துக்கும் நூல் ஓட வேண்டும். மடிப்புக்குள் போனது குப்பைக்குப் போகவில்லை, போர்வைக்குக் கனம் சேர்க்கிறது என்று பதில் சொல்வார்கள். அந்தக் கனம் பரவலாகச் சேர்வதில்லை. முதுகில் வரிவரியாகப் புடைத்து நிற்கிறது. நான்கு மடிப்புகள் கூடும் மூலையில் ஊசி இறங்க மறுக்கிறது. போர்த்திக்கொள்பவருக்கு அதனால் தனியாக எந்தக் கதகதப்பும் இல்லை.

மேல்பக்கம் இப்படியென்றால், அடித்துணியும் நடுப் பஞ்சும் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை. குயில்ட் என்றால் மூன்றடுக்கு. மேலடுக்கை மிச்சத்தில் தைத்துவிட்டு, மற்ற இரண்டையும் கடையில் வாங்கி வருவது சர்வசாதாரணம். பல நிறத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, இடையிடையே வைக்க ஒரே நிற வெள்ளைத் துணியையும் புதிதாக வாங்குகிறார்கள். இரண்டரை இஞ்சு அகலத்தில் முன்கூட்டியே வெட்டிச் சுருட்டிய புதுத்துணிச் சுருள்களும் 'ஜெல்லி ரோல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டன. மிச்சத்தின் தோற்றத்துக்காகப் புதுத்துணியை வெட்டும் வியாபாரம் அது. சிறு துண்டை மதிப்பின் அளவுகோலாக வைத்ததன் நேரடி விளைவு இது.

வறுமையில் பிறந்த மரபுகள் பலவும் துணியை இப்படி நறுக்கவில்லை. வங்காளத்துக் காந்தாவில் பழம்புடவைகளை முழுசாகவே ஒன்றன்மேல் ஒன்று விரித்து ஓட்டுத்தையல் போடுவார்கள். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலே தையலுக்கு உதவும். உத்தர கன்னடத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டியில், பழம்புடவையின் மேல் துண்டுகளை வைத்து, ஓரத்திலிருந்து சுற்றிச்சுற்றி நடுப்பகுதிக்குத் தைத்துக்கொண்டே வருவார்கள். தனியாகப் பஞ்சு கிடையாது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடமே கதகதப்பு. அங்கே மேல்மடிந்த துணிக்கும் வேலை இருக்கிறது.

இந்த மோகத்தை ஆதரிப்பவர்கள் சான்றாக முதலில் காட்டுவது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கின. 2006இல் தபால்தலையிலும் ஏறின. ஆனால் அந்தப் போர்வைகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1942இல் மிசௌரி பெட்வே, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். கால்சட்டைக் கால்கள் நீளப் பட்டைகளாகவே அதில் நிற்கின்றன. அவ்வூர்ப் பெண்கள் வேலை உடுப்பில் தைத்த பல போர்வைகளில், பை பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாகத் தெரியும். துணியை நறுக்கியிருந்தால் அந்தத் தடமே இருந்திருக்காது.

அசல் மிச்சத் துணிக்கும் அங்கேயே உதாரணம் உண்டு. 1966இல் தொடங்கிய 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவு, 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் பெற்றது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் வீடுகளுக்குப் போய்ப் போர்வைகளானது. தடித்த துணி, சிறுசாக வெட்டினால் படியாது. அகலப் பட்டைகளாகவே இணைத்தார்கள். அந்தப் போர்வைகளின் கம்பீரமே அந்த அகலத்தில் இருக்கிறது.

"விரலளவு துண்டை வேறென்ன செய்வது? குப்பையில் போடவா?" என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. தானாகவே சிறிதாகக் கிடைத்ததைத் தைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கால் மீட்டர் துணியை எடுத்து, அளவுகோல் வைத்து, சதுரம் சதுரமாக நறுக்குவது வேறு. உண்மையிலேயே தைக்க முடியாத துணுக்குக்கு நம் ஊரில் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். தையற்கடை வெட்டுத்துணி தலையணைக்குள் போகிறது. பனியன் வேஸ்ட் பட்டறையில் எண்ணெய் துடைக்கிறது. இரண்டுமே துணியை மேலும் குறைக்காத பயன்கள்.

பரிசு கொடுப்பவர்களும் தையல் கற்றுத்தருபவர்களும் துண்டுகளை எண்ணுவதை நிறுத்த வேண்டும். போர்வையைத் திருப்பிப் போட்டு, அடித்துணி எங்கிருந்து வந்தது, உள்மடிப்பில் எவ்வளவு போனது, எத்தனை வருஷம் துவைத்துப் போர்த்தலாம் என்று கேட்க வேண்டும். கிடைத்த துணியை எந்த அளவில் கிடைத்ததோ அந்த அளவிலேயே, முடிந்தவரை வெட்டாமல் பயன்படுத்துபவர்தான் சிக்கனக்காரர். சிறு சதுரங்களின் அழகுக்காகத் தைப்பவர் அழகுக்காகத் தைக்கிறேன் என்றே சொல்லட்டும். சிக்கனத்தின் பெயரை அதற்குச் சூட்ட வேண்டாம்.