மலைக்கும் மழைக்கும் நடுவே

தேயிலைத் தோட்டத்தில் மலை என்றால் வேலைத்தலம். "அம்மா மலைக்குப் போயிருச்சு" என்று பிள்ளை சொன்னால், கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள் என்று பொருள். மழையோ லயத்துப் பேச்சில் 'மள'. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று பதுளையில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் முன்னால் உட்கார்ந்து படம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை 'மல' என்கிறது, மற்றதை 'மள' என்கிறது. பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துத் திருத்துகிறவர் ழகரம் வரவில்லை என்று குறித்துக்கொள்வார். தேர்ந்த சிகிச்சையாளரின் பேனை அசையாது. அம்மாவும் அப்பாயியும் அப்படித்தான் பேசுகிறார்கள்; பிள்ளை காதில் விழுந்ததைச் சுத்தமாகவே பிடித்திருக்கிறது. இரண்டு படத்துக்கும் 'மல' என்றே வந்தால்தான் அவர் நிமிர்ந்து உட்காருவார். ஊர் வழக்கு எது, பிள்ளையின் சிரமம் எது என்று பிரித்தறிகிற அந்தக் காதுதான் இந்தத் தொழிலின் முதல் அழகு.

சாதாரண தரப் பரீட்சைக்குக் கவிதை நயம் எழுதிப் பழகியவர்கள் நாம். ஒரு சிகிச்சை அறைக்கும் நயம் எழுதலாம் என்று ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

தொல்காப்பியர் எழுத்துகள் வாயில் பிறக்கும் விதத்துக்கென்றே பிறப்பியல் என்று ஓர் இயலை ஒதுக்கினார். லகரத்துக்கும் ளகரத்துக்கும் நாவின் விளிம்பு தடிக்கும் என்கிறார். பிறகு ஒன்றுக்கு அண்ணத்தைத் தொடும், மற்றதற்குத் தடவும். தொடுவதற்கும் தடவுவதற்கும் உள்ள அந்த மயிரிழையில் 'மல'வும் 'மள'வும் பிரிகின்றன. கண்ணாடி முன் பிள்ளையை உட்காரவைத்து, தன் வாயைத் திறந்து காட்டி, "நாக்க லேசா மடிச்சுப் பின்னால கொண்டு போங்க மகன்" என்கிறவர் பிறப்பியலைத்தான் நடத்துகிறார். ஆனால் அவர் நாக்கிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் காது கேட்கிறதா என்ற பரிசோதனை. பிறகு இரண்டு படத்தையும் தரையில் போட்டு, தான் சொல்வதைப் பிள்ளையைத் தொடச் சொல்கிறார். காதில் பிரியாத ஒலி நாக்கில் எப்படிப் பிரியும்?

திருத்தாமல் விடுவதும் இதில் ஒரு கைத்திறன். ரயில் என்றால் பதுளைப் பிள்ளைகளுக்கு ஒரு பித்து. மூன்று வயதில் அது 'லயிலு' என்று வந்தால் அம்மா பதறுவாள். சிகிச்சையாளர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பகரமும் மகரமும் முந்தும், ரகரம் பிந்தும். அது அதன் காலத்தில் வரும்.

இந்த நுட்பத்தைக் கண்டு இன்னும் வியக்கவைக்கிற சங்கதி ஒன்று உண்டு. இலங்கையில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். சிங்கள எழுத்தில் லகர ளகரம் இரண்டும் இருந்தாலும் இன்றைய பேச்சில் அவை ஒன்றாகிவிட்டன. பிறந்ததிலிருந்து பிரித்துக் கேட்டிராத ஒலியை, வளர்ந்த பிறகு, அதுவும் நோயாளிப் பிள்ளையின் வாயிலிருந்து பிரித்துக் கேட்கப் பழகுவது சின்ன வேலையல்ல. அப்படிப் பழகிக்கொண்டவர்களுக்கு என் வணக்கம். ஆனால் எல்லாரிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்நாட்டில் இந்தப் படிப்புக்கே வயது குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கி, 2008இல் பட்டப்படிப்பானது. அதற்கு முன்னரே, 1980களில், மைக்கேல் மார்ஸ் தலைமையில் இலண்டன் குழுவொன்று காலிக்கு வந்து பிளவுபட்ட உதட்டுக்கும் அண்ணத்துக்கும் சத்திரசிகிச்சை செய்தது. அந்த நோயாளிகளின் பேச்சை ஆராய்ந்தவர் டெபி செல் என்ற சிகிச்சையாளர். காலந்தாழ்த்தித் தைக்கப்பட்ட அண்ணங்கள் மூடிக்கொண்டன. பழைய பேச்சுப் பழக்கமோ அப்படியே நின்றது. தையல் வேறு, பேச்சு வேறு என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

பேசாத பிள்ளையிடம் சிகிச்சையாளர்கள் காட்டுகிற மௌனம் தனி ரசனைக்குரியது. "சொல்லு, சொல்லு, மிஸ்ஸுக்குச் சொல்லிக் காட்டு" என்று நாம் பிள்ளையை உலுக்குவோம். சிகிச்சையாளர் கண்ணாடிப் போத்தலில் மாரி பிஸ்கட்டைப் போட்டு மூடியை இறுக்கித் திருகி, முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். பிள்ளை போத்தலைப் பார்க்கும், உருட்டும், கடிக்கும். அப்புறம் ஒரு கணம் கண் போத்தலிலிருந்து அவர் முகத்துக்கு ஏறி, மறுபடி போத்தலுக்கு இறங்கும். நமக்கு அது வெறும் பார்வை. அவருக்கு அது சொல்லுக்கு முந்திய சொல். உடனே முகம் மலர்ந்து "தொற" என்று ஒரே சொல்லைச் சொல்லித் திறக்கிறார். "திறக்கவும்" என்றோ "திறந்து தரட்டுமா" என்றோ சொல்வதில்லை. வீட்டில் என்ன சொல் புழங்குகிறதோ அது, அதுவும் ஒன்றே ஒன்று.

பேச்சுச் சிகிச்சை என்றால் பேச்சோடு சரி என்று நினைப்பவர்கள் வாட்டுப் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப் படுத்திருக்கும் பெரியவரின் கழுத்தில் நாலு விரலை வைக்கிறார் சிகிச்சையாளர். சுட்டுவிரல் தாடைக்கடியில், நடுவிரல் நாவடி எலும்பில், மற்ற இரண்டும் குரல்வளையின் மேலும் கீழும். "எச்சில முழுங்குங்க தாத்தா." குரல்வளை ஏறி இறங்குவதை விரலால் வாசிக்கிறார். ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துவிட்டு "ஆ" என்று சொல்லச் சொல்கிறார். குரலில் ஒரு ஈரம் கேட்கிறதா, குமிழி உடைகிற சத்தம் இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் குரல் நாண்களின் மேல் நிற்கிறது. இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. ஆகவே இருமவில்லை என்பதை அவர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது சாப்பாடு. ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சாயத்தண்ணி: தோட்டத்துக் காலை ஆகாரம் விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மூன்று வழியில் ஆபத்து. ரொட்டியை மெல்ல முடியாது, சம்பல் துகளாக உதிரும், தேத்தண்ணி பிடிபடாமல் ஓடும். குடிப்பது எவ்வளவு தடிப்பு என்று அறிய ஒரு சர்வதேச அளவுமுறை இருக்கிறது. குறித்த வகைச் சிரிஞ்சில் 10 மில்லிலீற்றர் நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சத்தைப் பார்ப்பது. 1 முதல் 4 வரை மிஞ்சினால் ஒரு படி, 4 முதல் 8 என்றால் அடுத்த படி. வடிகட்டிய குரக்கன் கஞ்சியை மருமகள் தன் அடுப்படியிலேயே இப்படி அளந்து பார்க்கலாம். இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாரிசவாதத்தில் பேச்சிழந்து, பெயர் கேட்டால் சொல்ல முடியாமல் தவிக்கிறவர், எடுத்துக்கொடுத்தால் இளமையில் காமன் கூத்தில் பாடியதைப் பாடிவிடக்கூடும். பேச்சு அறுந்தவர்களிடம் பாட்டு தங்கியிருப்பது பலகாலம் கவனிக்கப்பட்ட ஒன்று. அதையே படியாக்கி 1973இல் அமெரிக்காவில் ஒரு சிகிச்சைமுறை வகுத்தார்கள். அந்தப் பெரியவருக்கு எந்தப் பாட்டு என்று தெரிந்தவர் அருகில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக்குப் பஸ் ஏறினால் அம்மாவுக்கு அன்றைய பேர் (நாட்கூலி) போச்சு. கிழமைக்கு ஒருமுறை வா என்று சொல்வது லேசு. நிலைமை தெரிந்தவர் பயிற்சியை வீட்டு வேலைக்குள்ளேயே ஒளித்துவைக்கிறார். பீலியில் குளிப்பாட்டும்போது 'ஊத்து', அடுப்பு மூட்டும்போது 'ஊது', கொழுந்துக் கூடையை இறக்கும்போது 'கூட'. மூன்றிலும் உதடு குவிகிறது என்பதை அம்மாவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பகலெல்லாம் பிள்ளையை வைத்திருப்பது பிள்ளைமடுவத்து ஆயாதான். அவரிடமும் இதைச் சொல்லி அனுப்புகிறவரே முழுச் சிகிச்சையாளர்.

பசறையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளே, பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும்போது இந்தப் படிப்பின் பெயரையும் தேடிப் பாருங்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் பார்க்கலாம் என்று அடியில் எழுதாதீர்கள். 'மள' என்று பேசி வளர்ந்த காதுகள் அந்த அறைகளுக்கு உடனே தேவைப்படுகின்றன.