பட்டறை மரபுகளும் ஒரு டியூப் சிலிக்கானும்

நம் பழைய வண்டிச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு "பழைய வண்டி கட்டும் வழிகள்" என்ற பொருளில் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். இரண்டு முறை நழுவினேன். மூன்றாம் முறை தலைவரே பட்டறைக்கு வந்தார். டீ குடித்தார், வேறு ஏதேதோ பேசினார், மலரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போனார். அதற்குமேல் மறுக்க முடியுமா?

எந்த வண்டி யார் கைவழி என்று பானெட்டைத் திறக்காமலே சொல்லக்கூடியவர்கள் நம் சங்கத்தார். ஆகவே அரிச்சுவடி வேண்டாம்.

சென்னை வழி என்பது சோழவரத்து வழிதான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். நீண்டு கிடக்கும் நேர்த்தடம். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்த கைகளுக்கு எஞ்சின்தான் குலதெய்வம். ஹெட்டை ஸ்கிம் பண்ணு, போர்ட்டை அகட்டு, கேமை மாற்று. பிரேக்கைப் பற்றிக் கேட்டால் "அது எதுக்குங்க?" என்று சிரிப்பார்கள். அவர்களுக்கு வாகாக அமைந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 948 சிசி. சென்னையிலேயே தயாரான வண்டி, உதிரிக்கு அலைச்சலில்லை. பானெட் மொத்தமும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஆனால் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்வாங்கி மடங்கும். நேர்த்தடத்தில் மறைந்திருந்த இந்தக் குணம், 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபோது எல்லோர் கண்ணிலும் பட்டது. 3.7 கிலோமீட்டரில் 12 வளைவு. அதற்குப் பிறகுதான் சென்னைப் பெரியவர்கள் சஸ்பென்ஷன் பக்கம் குனிந்தார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

பெங்களூர் வழி எடைக் குறைப்பு வழி. சிபானி டால்ஃபினின் ஃபைபர் பாடியும் 848 சிசி அலுமினிய எஞ்சினும் 80களில் பெரிய வண்டிகளுக்கு என்ன பாடம் கற்பித்தன என்பதை அடிபட்டவர்களே எழுதட்டும். பம்பாய் ஃபியட் கைகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

கோவைக்கு வருகிறேன். பம்பும் மில் எந்திரமும் செய்த ஊர். வார்ப்படமும் லேத்தும் தெருவுக்குத் தெரு உண்டு. கிடைக்காத பாகத்துக்குக் காத்திருக்கும் பழக்கம் எங்களுக்கு வந்ததே இல்லை. 796 சிசி மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டிய கரிவர்தன் 1995 விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரைச் சுமக்கிறது. மலர்தோறும் அவரைப் பாடியிருக்கிறோம். அதனால் இந்த முறை, எந்த மலரிலும் இடம்பெறாத எங்கள் மேஸ்திரிக்கு நாலு வரி ஒதுக்க அனுமதி வேண்டும்.

இரண்டு லேத்தும் ஒரு வேப்பமரமும்தான் அவர் பட்டறை. அவருடைய அளவுகோல் ஒன்றே ஒன்று. வண்டி இங்கிருந்து ஓடியே சோழவரம் போக வேண்டும், பந்தயம் ஓட வேண்டும், ஓடியே திரும்ப வேண்டும். போகவர ஆயிரம் கிலோமீட்டர். "லாரியில ஏறிப் போறது வண்டி இல்லீங்க, சரக்கு" என்பார். அவர் ஃபியட் கட்டிய முறையே அதனால் வேறு. 68 மில்லி போர், 75 மில்லி ஸ்ட்ரோக், 1089 சிசி. அதற்கு அவர் கடுமையான கேம் போடவே மாட்டார். சிக்னலில் நின்றதும் அணைகிற எஞ்சினோடு காந்திபுரத்தைத் தாண்ட முடியாது. ஹெட்டிலும் கொஞ்சமாகத்தான் எடுப்பார். கம்ப்ரஷன் ஏறினால் நாக்கிங் வரும், வழியில் கிடைக்கிற பெட்ரோல் எப்படியோ. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், சூடேறினால் பிடிக்காது. ஆகவே முதல் செலவு பிரேக், அடுத்தது ரேடியேட்டர், அப்புறம் பின்பட்டை. எஞ்சின் கடைசி. ஹேண்ட் கியரைத் தரைக்கு மாற்றச் சொன்னவர்களிடம், "கை பழகலீன்னா கையத்தான் மாத்தோணும்" என்றார்.

பேக்கிங் அவர் கடையில் வாங்கியதில்லை. ஹெட் பேக்கிங் மட்டும் விலக்கு. தண்ணி பம்புக்கோ டைமிங் கவருக்கோ, பேக்கிங் பேப்பரைப் பாகத்தின் முகத்தின் மேல் விரித்து, பால்பின் சுத்தியால் விளிம்போடு தட்டிக்கொண்டே வருவார். விளிம்பே பேப்பரை வெட்டும். போல்ட் ஓட்டைக்குச் சுத்தியின் உருண்டைப் பக்கம். அலுமினியம் என்றால் தட்டுகிற சத்தமே மாறிவிடும், நகத்தால் தட்டுவதுபோல. வெட்டியதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, செல்லாக் மெல்லிசாகத் தடவி வைப்பார்.

இன்று அந்த இடத்தில் ஒரு சிலிக்கான் டியூப் இருக்கிறது. யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. இன்றைய தம்பிகளில் அருமையான கைகள் உண்டு, சிலர் நம் சங்கத்திலேயே பொறுப்பில் இருக்கிறார்கள். ஆனால் டைமிங் கவரைச் சுற்றிச் சிவப்புச் சிலிக்கான் ஜாங்கிரி பிழிந்ததுபோல் பிதுங்கி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே பிதுங்கியது? சில வருடங்களுக்கு முன் இருங்காட்டுக்கோட்டைப் பயிற்சியில், வேறொரு பட்டறையில் கட்டிய எஞ்சினோடு என் வண்டியை ஓட்டினேன். வளைவுகளில் ஆயில் விளக்கு மினுங்கியது. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, சம்ப்பில் தடுப்புத் தகடு வை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மறுநாள் நேர்த்தடத்திலும் மினுங்கி, பிக்எண்ட் பேரிங் போயிற்று. சம்ப்பை இறக்கினால், ஆயில் பம்ப் வடிகட்டி முழுக்கச் சிவப்புப் புழுக்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைத் தின்கிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அதற்கு மாற்று ஹோஸ் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு மாற்றங்களைத் தடுக்கிறது என்கிறோம். 2021இன் விண்டேஜ் பதிவு, 50 வருடம் தாண்டி உருமாறாத வண்டிக்கு மட்டும், அதுவும் அன்றாட ஓட்டத்துக்கு இல்லை என்று வருந்துகிறோம். எல்லாம் நியாயம். ஆனால் அந்த டியூப் செய்த கேட்டை ஒரு சட்டமும் செய்யவில்லை. முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கண்ணை அது பிடுங்கிக்கொண்டது. முகம் கோணலா, பிழி. போல்ட் மரை போயிற்றா, பிழி. அப்படிப் பிழிந்த வண்டிக்குக் கண்காட்சியில் கோப்பையும் கொடுக்கிறோம். நடுவர்களில் நானும் ஒருவன், ஆகையால் இதை இத்தோடு விடுகிறேன்.

மேஸ்திரி வெட்டிய பேக்கிங் மாதிரிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் என்னிடம் இருக்கின்றன. ஃபியட், ஹெரால்டு, ஒன்றிரண்டு அம்பாசடர். சிலவற்றில் அவர் பென்சில் எழுத்து இன்னும் தெரிகிறது. ஞாயிறு காலை வந்தால் படியெடுத்துக்கொள்ளலாம். பேப்பரும் சுத்தியும் அவரவர் கொண்டு வரவும்.