அந்தக் கூரைக்குக் கீழே நிற்பவள்

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள் போயின. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. சுவரைப் படிக்கத் தெரிந்தவர்கள் உள்ளே வாழ்ந்தவர்கள்தான்.

கடலோரத்தில் உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, சிமெண்டை உள்ளிருந்தே பிளக்கும். ராயபுரத்தில் எங்கள் சமையலறைக் கூரையும் அப்படித்தான் பெயர்ந்தது. ஒழுகிய இடத்தில் குண்டான் வைத்தேன். உதிர்ந்த காரையைப் பெருக்கினேன். ஆறு மழைக்காலம். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் கணவர். அதற்குள் ஹாலுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது.

ஒருநாள் காரை உலைப்பானைக்குள் விழுந்தது. என் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்தவர் கேட்டார்: “சார் இல்லீங்களாம்மா?”

வீட்டைப் பேணுவது பெண்ணின் கடமை என்கிறோம். பெருக்குவதும் துடைப்பதும் அந்தக் கடமையில் சேரும். எதை, எப்போது செப்பனிடுவது என்ற முடிவு மட்டும் சேராது. அதனால் தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாரியமானாலும் வீட்டுக்காரரானாலும், தள்ளிப்போடுகிறவர் அந்தக் கூரைக்குக் கீழே நின்று சமைப்பதில்லை.