குருப்பட்டத் தகுதியும் குலனும்

சமயத் தொண்டு ஏற்க முன்வருவாருள் யாவர் அதனைச் செவ்வனே ஆற்றுவர் என முன்னறிந்து தேர்தல் எல்லாச் சமயத்தார்க்கும் உரிய கடமை. அத்தேர்வில் அளக்கப்படுவது வந்தவரின் தகுதியா, அவரை ஏற்போரின் மனநிலையா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

1706-இல் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் சபையில், 1733-இல் ஆரோன் என்பார் தமிழருள் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றார். 1741-இல் தியோகு பெற்றார். அப்பொழுது தஞ்சைப் பகுதி உபதேசியார் இராஜநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. படைவீரராயிருந்து நற்செய்தி நூலைப் பயின்று அச்சபையைச் சேர்ந்தவர் அவர். அவர்தம் தொண்டினை மிஷனரிமாரும் மதித்தனர். ஆயினும் அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்து பெறப் பிற குலத்தார் உடன்படார் என்னும் அச்சமே தடையாயிற்று. இறுதிவரை அவர் உபதேசியாராகவே தொண்டாற்றினார்.

இந்நிலை தமிழ் மரபிற்குப் புதிதன்று. நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி முதலிய உவமைகளால் கொள்ளும் ஆற்றல் பற்றியே வகுக்கின்றது. பாடம் கேட்டற்கு ஆகாதாரைக் கூறுமிடத்தும் களிப்பு, மடி, சினம் போல்வனவற்றைச் சுட்டுகின்றதேயன்றிப் பிறப்பைச் சுட்டவில்லை. நல்லாசிரியர் இலக்கணம் கூறப்புகுங்கால் மட்டும் குலனே முன்னிற்கின்றது. கற்கும் நிலையிற் கேளாத வினா, கற்பிக்கும் நிலையில் எழுகின்றது. தரங்கம்பாடியிலும் உபதேசியாராதற்குத் தடையாகாத குலம் குருவாதற்குத் தடையாயிற்று.

சபையார் ஏலாராயின் குருவின் பணி எங்ஙனம் சிறக்கும் என வினவலாம். அவ்வினா பொருளற்றதன்று, கேட்போரின்றிப் போதகம் இல்லை. ஆயின் இவ்வகை முன்கணிப்பு தன்னைத் தானே மெய்ப்பித்துக் கொள்வது. பட்டம் பெறாதார் வென்று காட்டுதற்கு வாய்ப்பே இல்லை. சபையாரும் தம் மனத்தைச் சோதித்துக் கொள்ள நேர்வதில்லை. ஊராரின் குறை இங்ஙனம் ஒருவரின் தகுதியின்மையாக எழுதப்பட்டு விடுகின்றது.

ஆகலின், இத்தகைய தேர்வுக் குறிப்புகளை ஆராய்வார், ஆற்றல் பற்றிய மதிப்பீட்டையும் ஏற்பு பற்றிய கணிப்பையும் வேறு பிரித்துக் காண்டல் வேண்டும். முன்னையது தொண்டரைப் பற்றிய சான்று. பின்னையது அவரைத் தேர்ந்த சமுதாயத்தைப் பற்றிய சான்று.