முன்னேஸ்வரத்துக் கல்லெழுத்து

கோயிலுக்குப் போகிறவர்களின் கண் முதலில் கோபுரத்தில்தான் பதியும். இலங்கையின் மேற்குக் கரையில், சிலாபத்துக்கு அருகே, குருநாகல் போகும் வழியிலுள்ள முன்னேஸ்வரத்தில் நான் முதலில் தேடுவது எழுத்தை. கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு (1412–1467) இக்கோயிலுக்கு அளித்த மானியம் இங்கே கல்லில் இருக்கிறது. கோயில் நிலங்களுக்கு இறை நீக்கி, அவற்றின் வருவாயில் நித்திய பூசை நடக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. போர்த்துக்கேயர் வருவதற்கு முன் இந்தக் கரை எப்படி வாழ்ந்தது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய மிக அழகிய சான்று இதுதான்.

அந்த அழகு அதன் சேர்க்கையில் இருக்கிறது. கொடுத்தவன் பௌத்த அரசன். பெற்றது சிவன் கோயில். மொழி வடமொழி. எழுத்தோ, தமிழகத்தில் வடமொழிக்கென்றே வளர்ந்த கிரந்தம். அக்காலத்தார் இதை விநோதமாக நினைத்திருக்க மாட்டார்கள். அதே காலத்துச் சிங்களக் காவியமான சலலிஹினி சந்தேசம், தலைநகர் கோட்டையிலிருந்த ஈசுவரன் கோயிலில் தமிழ்ப் பாடல்கள் ஒலித்ததைச் சொல்கிறது. அரசனின் ஊரிலேயே தமிழ் பாடிய கோயில் இருந்தபோது, முன்னேஸ்வரத்தில் அவன் கிரந்தத்தில் எழுதுவித்தது இயல்பான மரியாதை.

கிரந்தத்தைக் கல்லில் வெட்டுவது கடினமான வேலை. தமிழில் மெய்யெழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்தில் நிற்கும். கிரந்தத்தில் கூட்டெழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும். அவற்றுக்காக வரிக்கு வரி இடம் விட்டு முன்கூட்டியே அளந்தால்தான் வரி நேராக நிற்கும். காவியால் எழுதிப் பார்த்துவிட்டு உளியை எடுப்பது கல்தச்சர் மரபு. சுழியும் வளைவும் மிகுந்த எழுத்தில் ஓர் அடி பிசகினாலும் கல் மன்னிக்காது.

இப்படிப் பல மரபுகளை ஒரே கல்லில் சேர்க்கும் பக்குவம் ஒரு நாளில் வந்ததல்ல. 1344இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா புத்தளத்தில் இறங்கியபோது யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். கரையில் குவிந்து கிடந்த கறுவாக் கட்டைகளையும் அரசனிடம் இருந்த முத்துகளையும் பற்றி எழுதினார். மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்கள் துணி கொடுத்துக் கறுவா ஏற்றிப் போனார்கள். அந்நியரோடு பேசிப் பழகிய கரை இது. பல மொழியும் பல தெய்வமும் அருகருகே இருப்பது அதற்குப் புதிதல்ல.

தெய்வங்கள் அருகருகே இருந்தது இந்தக் கரையில் மட்டுமல்ல. ஆறாம் பராக்கிரமபாகு ஆட்சியின் பிற்பகுதியில், மெக்சிக்கோவின் தெனோச்தித்லானில் முதலாம் மொக்தெசுமா (1440–1469) ஆண்டுகொண்டிருந்தான். அஸ்டெக் மக்களின் பெருங்கோயிலில் போர்த் தெய்வமான வீட்சிலோபொச்ட்லிக்கும் மழைத் தெய்வமான த்லாலோக்குக்கும் ஒரே மேடையின் உச்சியில் இரு சந்நிதிகள். பழைய கோயிலை இடிக்காமல், அதை உள்ளே வைத்து மேலே புதியதைக் கட்டி வளர்த்தார்கள். 1521இல் நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது, உச்சி தகர்ந்தது. 1978இல் அதே இடத்தில் மெக்சிக்கோ நகர மின்சாரத் தொழிலாளர் தோண்டியபோது நிலவுத் தெய்வமான கொயோல்ஷாவ்கியின் வட்டக் கல் வெளிப்பட்டது. மூன்று மீற்றருக்கு மேல் குறுக்களவு கொண்ட அக்கல்லை இரும்பு உளி அறியாத கைகள் செதுக்கியிருந்தன.

தெனோச்தித்லானின் கோயிலுக்கு விழுந்த அடி முன்னேஸ்வரத்துக்கும் விழுந்தது. 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அதன் அடித்தளத்தின் மேலேயே இயேசு சபையினர் தேவாலயம் கட்டினார்கள். ஊர் மக்கள் மீண்டும் எழுப்பினார்கள், மீண்டும் இடிந்தது. 1753இல் கண்டி அரசன் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் காலத்தில் கோயில் மறுபடி எழுந்தது. இம்முறையும் கைகொடுத்தவன் பௌத்த அரசன். கல்லில் எழுதிய பண்பு முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் செயலாக நடந்ததைத்தான் நான் இக்கோயிலின் உச்சக் கலையாகக் கருதுகிறேன். இன்றும் ஆவணி மகோற்சவத்துக்குச் சைவரோடு பௌத்தரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் வருகிறார்கள்.

சிங்கள எழுத்தின் வளைவுகளிலும் பல்லவ கிரந்தத்தின் சாயல் உண்டு. தமிழ் எழுத்தும் அதற்கு நெருங்கிய உறவு. எனவே இந்தக் கரையின் தமிழ்ப் பிள்ளைகளையும் சிங்களப் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துவந்து, இக்கல்லெழுத்தைக் காட்டிக் கிரந்தத்தில் பத்து எழுத்தையாவது கற்பிக்க வேண்டும். இரு தரப்பாரும் தங்களுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றை அதில் கண்டுபிடிப்பார்கள்.