சுத்தம் வேண்டாம் என்றால் ஐந்து டாலர்

ஹோட்டல் அறையில் கிடக்கும் அச்சுத்தாள்களை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் கதவுக் கைப்பிடியில் மாட்டச் சொல்லி வைத்திருக்கும் பச்சை நிற அட்டை இருக்கிறதே, அது ரொம்ப யோசித்து எழுதப்பட்ட ஒரு பிரதி. இன்றைக்கு அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொன்னால் தண்ணீர் மிச்சம், மின்சாரம் மிச்சம், உங்களுக்கும் ஒரு சின்ன வெகுமதி. சாரம் இவ்வளவுதான். அட்டையில் இரண்டு பாத்திரங்கள் வருகின்றன: பூமி, அப்புறம் நீங்கள். ஹோட்டல் என்னவோ இருவருக்கும் நடுவில் தரகு வாங்காத தரகர் மாதிரி ஒதுங்கி நிற்கும். அறையைச் சுத்தம் செய்யும் பெண் அந்த அட்டையில் எங்கேயும் இல்லை. அவர் வேலையைப் பற்றித்தான் மொத்த அட்டையும் பேசுகிறது, ஆனால் அவர் இல்லை.

இந்த எழுத்து வகைக்கு ஒரு வரலாறு உண்டு. சுற்றுச்சூழல் ஆர்வலர் ஜே வெஸ்டர்வெல்ட் 1983இல் ஃபிஜி தீவுகளில் ஒரு கடற்கரை விடுதியில், கடலையும் பவளப்பாறைகளையும் காப்பாற்ற துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று விருந்தினரைக் கேட்டுக்கொள்ளும் அட்டையைப் பார்த்தார். அதே விடுதி அப்போது கடற்கரையில் புதுக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்தது. 1986இல் அவர் எழுதிய கட்டுரையில் பிறந்த சொல்தான் 'கிரீன்வாஷிங்'. இன்று எண்ணெய் நிறுவனங்களையும் துணிக் கம்பெனிகளையும் திட்டப் பயன்படும் இந்தச் சொல்லின் பிறந்த வீடு ஹோட்டல் குளியலறை என்பது பலருக்குத் தெரியாது.

துண்டு அட்டையை நான் அவ்வளவு கடுமையாகப் பார்க்க மாட்டேன். வீட்டில் யாராவது தினமும் துண்டை மாற்றுகிறோமா? ஒரு துண்டைத் துவைக்க வெந்நீர் வேண்டும், சோப்பு வேண்டும், உலர்த்த எந்திரம் ஓட வேண்டும். அதைத் தவிர்ப்பது உண்மையான மிச்சம்தான். அதற்கு வெகுமதியும் தேவைப்படவில்லை என்பது இன்னும் சுவாரசியம். கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிஷியஸ் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு சமூக உளவியல் வகுப்புகளில் இன்றும் சலிக்காமல் சொல்லப்படுவது. அமெரிக்கத் தென்மேற்கில் நடுத்தர விலை ஹோட்டல் ஒன்று, 190 அறைகள், 80 நாட்கள். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் எழுதிய அட்டைக்கு 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். பெரும்பாலான விருந்தினர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதிய அட்டைக்கு 44 சதவீதம். இன்னொரு சோதனையில், 'இதே அறையில்' தங்கியவர்கள் செய்தார்கள் என்று எழுதினால் 49 சதவீதம் வரை போனது. ஒரு பைசா செலவில்லை, வாசகத்தை மாற்றியதோடு சரி.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விவரம்: எந்த அறையில் எத்தனை துண்டு திரும்பத் தொங்கவிடப்பட்டது என்று தினமும் குறித்துக் கொடுத்தவர்கள் அந்த ஹோட்டலின் அறைச் சுத்தப் பணியாளர்கள். அவர்கள் கதவைத் திறந்து உள்ளே போனதால்தான் அந்தத் தரவே நமக்குக் கிடைத்தது.

சரி, துண்டு வேறு, அறை வேறு. இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டியதுதான் அடுத்த கட்டம். ஷெராட்டன், வெஸ்டின் முதலியவற்றை அப்போது வைத்திருந்த ஸ்டார்வுட் நிறுவனம் 2009 வாக்கில் 'மேக் எ கிரீன் சாய்ஸ்' என்ற திட்டத்தைப் பரவலாகக் கொண்டுவந்தது. ஒரு இரவுக்கு அறைச் சுத்தமே வேண்டாம் என்று சொல்லும் விருந்தினருக்கு ஹோட்டல் உணவகத்தில் செலவழிக்க 5 டாலர் கூப்பன், இல்லாவிட்டால் உறுப்பினர் கணக்கில் 500 புள்ளிகள். 2016இல் ஸ்டார்வுட்டை மாரியட் வாங்கியபோது திட்டமும் கூடவே போனது.

என் விமர்சனத்தின் மையம் இங்கேதான். பணியாளர் அறைக்குள் வந்து என்ன செய்கிறார்? துண்டும் விரிப்பும் மாற்றுகிறார், அது தண்ணீர்க் கணக்கு. மற்றதெல்லாம் கை வேலை: குப்பையைக் கொட்டுவது, வாஷ்பேசின் துடைப்பது, மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகுவது, குளியல் தொட்டியில் குனிந்து தேய்ப்பது, தரையைக் கூட்டுவது. இதில் எவ்வளவு இயற்கை வளம் போகிறது? 1,200 வாட் வாக்குவம் கிளீனரை ஐந்து நிமிடம் ஓட்டினால் 0.1 யூனிட் மின்சாரம். ஆளில்லாத அறையில் ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அதைவிடப் பல மடங்கு. ஆக, பூமிக்கு ஆதாயம் துணி துவைக்காததில் இருக்கிறது. ஹோட்டலுக்கு ஆதாயம் ஆள் வராததில் இருக்கிறது. துணியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லும் வசதி துண்டு அட்டையிலேயே பல வருடமாக இருக்கிறது, அதற்கு யாரும் ஐந்து டாலர் கொடுக்கவில்லை. வெகுமதி எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்தாலே எது யாருக்கு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் என் அனுமானம். 400 அறை ஹோட்டல், அதில் ஒரு நாள் 50 பேர் 'வேண்டாம்' என்கிறார்கள். ஒரு பணியாளருக்கு எட்டு மணி நேரத்தில் 15 அறை ஒதுக்கீடு என்றால் 50 அறை என்பது மூன்று பேருக்கும் கொஞ்சம் கூடுதலான வேலை. மணிக்கு 20 டாலர் கூலி என்று வைத்தால் மூன்று பேருக்கு 480 டாலர், காப்பீடும் வரியும் சேர்த்தால் 600ஐத் தாண்டும். கூப்பன் செலவு 50 x 5 = 250 டாலர். அதுவும் முகமதிப்பு. கூப்பனைச் செலவழிக்க வேண்டிய இடம் அதே ஹோட்டலின் உணவகம், அங்கே ஐந்து டாலருக்கு முழுச் சாப்பாடா கிடைக்கப் போகிறது? மேலே பத்துப் பதினைந்து போட்டால்தான் எழுந்திருக்க முடியும். பாதிப் பேர் கூப்பனைச் சட்டைப் பையிலேயே மறந்து ஊர் போய்ச் சேர்வார்கள். மூன்று பெண்களுக்கு மட்டும் காலையில் ஃபோன் வரும், இன்றைக்கு வேலை இல்லை என்று.

அந்த மூவர் யார் என்பதும் முக்கியம். பணிமூப்பு இல்லாதவர்களுக்குத்தான் முதலில் மணி நேரம் குறையும். அமெரிக்கப் பெருநகரங்களில் இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதிகம். வாரத்துக்கு ஒரு நாள் குறைந்தால் கூலி மட்டும் போகாது. ஹவாயில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரம் 20 மணி நேரம் வேலை செய்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு தர வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்தால் காப்பீடு, கீழே போனால் அந்தக் கடமை இல்லை. யாரோ மூன்று பேர் ஆளுக்கு 500 புள்ளி சேர்த்துக்கொண்டதன் விளைவு இன்னொருவரின் மருந்துச் சீட்டு வரை போகக்கூடும்.

வேலை குறைந்தால் உடம்புக்காவது ஓய்வு கிடைக்குமே என்று தோன்றும். அதுவும் இல்லை. நாலு நாள் யாரும் நுழையாத அறை செக் அவுட் அன்று எப்படி இருக்கும் என்று பிள்ளைகளோடு பயணம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் துடைத்திருந்தால் துணியால் போகும் சோப்புக் கறையை நாலாம் நாள் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். குப்பை நாலு மடங்கு. ஆனால் ஒதுக்கீட்டுத் தாளில் அதுவும் ஒரு அறை, இதுவும் ஒரு அறை. ஏற்கெனவே ஹோட்டல் வேலைகளிலேயே அதிகம் காயம் படும் வேலை இது. 50 அமெரிக்க ஹோட்டல்களின் 2003-2005 பதிவுகளை வைத்து 2010இல் வெளிவந்த ஆய்வில், மொத்த ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேருக்கு 5.2 காயங்கள் என்றால் அறைச் சுத்தப் பணியாளர்களுக்கு 7.9, அவர்களில் ஹிஸ்பானிக் பெண்களுக்கு 10.6. முதுகு, தோள், மணிக்கட்டு. கலிஃபோர்னியா இந்த வேலைக்கென்றே ஒரு தனிப் பாதுகாப்பு விதியை 2018 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்தது.

அதே 2018இன் கடைசி மாதங்களில் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, டெட்ராய்ட், ஹொனலூலு உட்பட எட்டு நகரங்களில் சுமார் 7,700 மாரியட் ஹோட்டல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடத்தியது யுனைட் ஹியர் தொழிற்சங்கம். ஒரு வேலையே பிழைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது கோஷம். கூலி, பாதுகாப்பு, தொழில்நுட்பம் என்ற பட்டியலில் இந்தப் பச்சை அட்டையும் இருந்தது. ஹவாயில் 51 நாள் நீடித்தது. செய்தி படித்த பலருக்கு, சுற்றுச்சூழல் திட்டத்தை எதிர்த்து ஏன் ஏழைத் தொழிலாளி கொடி பிடிக்கிறார் என்று புரியவில்லை. அட்டையை எழுதியவரின் வெற்றி அது. எதிர்த்தால் பூமிக்கு எதிரி.

கொரோனா வந்ததும் அட்டைக்கே வேலை இல்லாமல் போனது. தொற்று பயத்தில் விருந்தினரே யாரும் உள்ளே வர வேண்டாம் என்றார்கள், நியாயம்தான். பயம் தணிந்த பிறகும் பழைய வழக்கம் திரும்பவில்லை. 2021 ஜூலையில் ஹில்டன், அமெரிக்காவில் தன் பெரும்பாலான ஹோட்டல்களில் கேட்டால்தான் தினசரிச் சுத்தம் என்று மாற்றியது. ஆடம்பர வகை மட்டும் விலக்கு. அந்த வருட பிப்ரவரியிலேயே ஹில்டன் தலைவர் கிறிஸ் நாசெட்டா முதலீட்டாளர்களிடம், நெருக்கடி முடிந்து வெளியே வரும்போது லாப விகிதம் கூடியிருக்கும், ஆள்தேவை முன்பைவிடக் குறைவாக இருக்கும் என்று பேசியிருந்தார். பங்குதாரர் கூட்டத்தில் சொல்வது ஒன்று, அறை மேஜையில் வைப்பது ஒன்று. நான் முதலாவதைத்தான் நம்புவேன், அங்கே பொய் சொன்னால் வழக்கு வரும்.

கவனியுங்கள், இப்போது ஐந்து டாலரும் இல்லை. 2009இல் விலை கொடுத்து வாங்கிய சம்மதத்தை 2021இல் இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். அறை வாடகையில் தினசரிச் சுத்தத்தின் பங்கு எவ்வளவு என்று பில்லில் எப்போதும் போட்டதில்லை, அதனால் கழித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

யுனைட் ஹியர் 2021 ஜூனில் ஒரு அறிக்கை விட்டது: தினசரிச் சுத்தம் ஒழிந்தால் அமெரிக்க ஹோட்டல்களின் அறைச் சுத்த வேலைகளில் 39 சதவீதம் வரை, ஏறக்குறைய 1,81,000 வேலைகள் போகலாம் என்று. சங்கத்தின் சொந்தக் கணக்கு இது, 'வரை' என்ற சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரேயடியாக எல்லா ஹோட்டலும் நிறுத்தினால் வரும் உச்ச எண். சங்கமும் விளம்பரம் எழுதும், அதையும் நாம் பிரதியாகத்தான் படிக்கணும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, எளிதில் தள்ளக்கூடியதல்ல. வேலை கொடுப்பதற்காகத் தேவையில்லாத வேலையைச் செய்யச் சொல்வதா? எனக்கே அறைக்குள் யாரும் வருவது பிடிக்காது. பொருளை எல்லாம் பரப்பி வைத்திருப்பேன், காலையில் தூங்குவேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை விருந்தினருக்கு இருக்கத்தான் வேண்டும். 'தொந்தரவு செய்யாதீர்' பலகை எப்போதும் இருந்ததே! அந்தப் பலகையை மாட்டியதற்காக யாரும் புள்ளி கொடுத்ததில்லை, வேலை அட்டவணையை அதை நம்பிப் போட்டதும் இல்லை. முதல் நாள் இரவே சொன்னால்தான் வெகுமதி என்ற நிபந்தனை எதற்கு? மறுநாள் எத்தனை பேரை வரச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்ய. விருப்பம் என்ற பெயரில் கேட்கப்படுவது முன்னறிவிப்பு.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அந்த மூன்று பேரின் மணி நேரத்துக்கு உத்தரவாதமாக வைத்தால் என்ன? ஜன்னல், திரைச்சீலை, மெத்தை திருப்புவது என்று ஒத்திப்போடப்படும் வேலை எந்த ஹோட்டலிலும் குவிந்துதான் கிடக்கும். அப்படிச் செய்தால் நான் முதல் ஆளாக அட்டையை மாட்டுவேன். இதுவரை என் கைக்கு வந்த எந்த அட்டையும் அப்படி ஒரு வரியை எழுதவில்லை.

நெவாடாவில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அங்கே 2020இல் கொரோனா சுகாதாரச் சட்டம் ஒன்று, தினமும் அறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஹோட்டல்களுக்கு விதித்தது. 2023இல் அந்த விதியைச் சட்டமன்றம் நீக்கிவிட்டது. அதே வருடம் நவம்பரில், லாஸ் வேகஸின் குலினரி யூனியன் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை போய் எம்ஜிஎம், சீசர்ஸ், வின் மூன்றோடும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. அதில் தினசரி அறைச் சுத்தம் கட்டாயம் என்று ஒரு பிரிவு இருக்கிறது.