64 கேபி போதும்

ஜாவா கிராஃபிக்ஸ் நூலகமான எல்டபிள்யூஜேஜிஎல் 3 என்று பேச்செடுத்தாலே, 'டிஸ்ப்ளே' கிளாஸைத் தூக்கிவிட்டார்களே என்று இன்னும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிரியேட் அழைத்தால் விண்டோ வந்து நின்ற காலம் அது. இப்போது ஜிஎல்எஃப்டபிள்யூவைக் கிளப்பி, விண்டோவுக்கு ஒரு லாங் எண் வாங்கி, கான்டெக்ஸ்ட்டை அமர்த்தி, கிரியேட்கேப்பபிலிட்டீஸையும் அழைக்க வேண்டும். கடைசியை விட்டால் முதல் ஜிஎல் அழைப்பிலேயே நிரல் விழுந்துவிடும். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் அந்த டிஸ்ப்ளேயில் இரண்டாவது விண்டோ திறக்க வழியே கிடையாது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

பெயர் மாற்றங்களும் எனக்குப் பிடித்தவைதான். பழைய ஜிஎல்யூனிஃபார்ம்மேட்ரிக்ஸ்4 இப்போது வாலில் எஃப்வி-யோடு வருகிறது. சி ஆவணத்தில் படித்ததை அப்படியே ஜாவாவில் அடிக்கலாம். எல்லாவற்றையும் ஜிஎல் ஆப்ஜெக்ட் வழியாகவே கூப்பிடுவது ஒழுங்கு என்பார்கள், இன்னொரு நூலகமான ஜோக்லின் அன்பர்கள். ஒழுங்குதான், வரிக்கு வரி 'ஜிஎல் புள்ளி' பார்த்தே கண் களைத்துவிடும்.

என் மனசு கிடப்பது மெமரிஸ்டாக்கில். விண்டோவின் அகலம், உயரம் கேட்க இரண்டு இன்ட்பஃபர் வேண்டும். முன்பென்றால் பஃபர்யூட்டில்ஸ், உள்ளே அலோகேட்டைரக்ட், நினைவகம் முழுக்கச் சுழியம் நிரப்பும் வேலை, எப்போது திரும்புமோ என்று ஜிசி-யின் வாய் பார்த்து நிற்பது. இப்போது ட்ரை அடைப்புக்குள் ஸ்டாக்புஷ், இரண்டு மல்லாக்இன்ட், அவ்வளவுதான். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இயல்பாகவே 64 கேபி ஒதுக்கியிருக்கிறது. புஷ் இடத்தைக் குறித்துக்கொள்ளும். மல்லாக் சுட்டியைக் கொஞ்சம் கீழே நகர்த்தும். அடைப்பு முடிந்ததும் சுட்டி பழைய இடத்துக்கே போய்விடும். விடுவிப்பது என்று தனியாக ஒரு வேலையே இல்லை. சுழியம் வேண்டுமென்றால் கல்லாக் இருக்கிறது. வேண்டாதவர் அதற்கு விலை கொடுக்க வேண்டாம். இதை எழுதியவருக்கு சி-யும் தெரியும், ஜாவாக்காரனின் சோம்பலும் தெரியும்.

மைன்கிராஃப்ட் 2018-இல், 1.13 பதிப்போடு, எல்டபிள்யூஜேஜிஎல் 3-க்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் புதிதாக வருகிறவர்கள் பழைய பாடங்களைப் பார்த்து, ரெண்டர் லூப்புக்குள்ளேயே கிரியேட்ஃப்ளோட்பஃபர் 16 என்று ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒன்று புதிதாகப் பெறுகிறார்கள். கேட்டால், ஓடுகிறதே என்கிறார்கள். இன்னொரு கூட்டம், ஸ்டாக்கில் வாங்கிய பஃபரை மெத்தடிலிருந்து ரிட்டர்ன் செய்துவிட்டு, மதிப்பு மாறுகிறது, நூலகத்தில்தான் பிழை என்கிறது. பெரிய டெக்ஸ்ச்சர்களுக்கு மெம்அலாக் இருக்கிறது. அதற்கு மெம்ஃப்ரீயை நாமே அழைக்க வேண்டும். அதை மறப்பவர்களைக்கூட மன்னித்துவிடுவேன், லூப்புக்குள் பஃபர் பெறுகிறவர்களை அல்ல.